எந்த அறையின் வெப்பம்?

நானுஓயா
2025 மார்ச் 9

அன்புள்ள சிறிலுக்கு,

நானும் வீடும் நலம். போனில் பேச ஆரம்பித்தாலே சண்டையில் முடிகிறது, அதனால் ஈமெயில். ஏப்ரல் சீசனுக்கு நம் கெஸ்ட் ஹவுஸின் மூன்று அறைகளும் புக் ஆகிவிட்டன. ஆனால் பாத்திரம் கழுவும் மெஷின் பாதியில் நின்று சிவப்பு விளக்கைச் சிமிட்டுகிறது. தண்ணீர் சூடாகவே மாட்டேன் என்கிறது. டோஹா முழுக்க மெஷின் திருத்துகிறவர், சொந்த வீட்டு மெஷினுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். "மூடிட்டு இங்க வந்துரு" என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் டெல்சி

டோஹா
மார்ச் 10

அன்பு டெல்சி,

சூட்டை அளக்கும் சென்சர் போயிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கீழ்த் தகட்டைத் திற. இரண்டு வயர் போகும் சின்னக் குமிழ்தான் அது. வயரை உருவிவிட்டு, நான் அங்கே விட்டுவந்த கரண்ட் மீட்டரைக் குமிழின் இரண்டு முனையிலும் வை. அறை வெப்பத்தில் பத்து கிலோ ஓம் காட்டவேண்டும். பதினைந்தைத் தாண்டினால் சென்சர் செத்துவிட்டது. அந்த மாடலுக்கு அங்கே பார்ட்ஸ் கிடைக்காது. தனியாகக் கிடந்து மாரடிக்காதே. இந்தச் சீசனையும் விட்டுவிட்டு வந்துவிடு.

சிறில்

நானுஓயா
மார்ச் 12

அன்புள்ள சிறிலுக்கு,

மீட்டர் பதினெட்டு காட்டியது. சென்சரைக் கழற்றி, மீட்டர் மாட்டியபடியே கையில் பொத்திக்கொண்டு குசினியில் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எண் இறங்கிக்கொண்டிருக்கிறது! சுடுதண்ணீர்க் கோப்பையில் விட்டேன், மூன்றுக்கு வந்துவிட்டது. செத்தது சூடு உணருமா?

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அறை வெப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அறை சிறில்? இங்கே காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. குசினியில் பன்னிரண்டு டிகிரி. நெட்டில் தேடினேன், நீங்கள் சொன்ன பத்து இருபத்தைந்து டிகிரிக்காம், இந்தக் குளிருக்குப் பதினெட்டுதான் சரியாம்.

பிறகு வயரின் முனையைப் பார்த்தேன். பனி ஈரத்தில் முழுக்கப் பச்சைக் களிம்பு. பழைய பல் பிரஷால் தேய்த்து, காயவைத்துச் சொருகினேன். தட்டுகள் கை வைக்க முடியாத சூட்டோடு வெளியே வந்தன.

கெஸ்ட் ஹவுஸை மூட மாட்டேன். நம் வீட்டுக் குளிரையே மறந்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

டெல்சி

டோஹா
மார்ச் 13

என் டெல்சிக்கு,

உன் கடிதத்தை வேர்க்‌ஷொப்பில் சத்தமாக வாசித்தேன். "இவங்கள இங்க வேலைக்கு எடுப்போமா?" என்றார் சூப்பர்வைசர். "அவ வரமாட்டா சேர், அவளுக்கு அங்க சொந்தமா வேல இருக்கு" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நானாக இருந்தால் புது சென்சர் தேடி அலைந்திருப்பேன். முனையைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். கெட்டிக்காரியடி நீ.

இனி உன்னை இங்கே கூப்பிட மாட்டேன். கொன்ட்ராக்டை நீட்டச் சொல்லிக் கொடுத்த பேப்பரைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சீசனுக்கு முன்னால் வந்துவிடுவேன். மூன்று அறையும் நிறைந்துவிட்டதால் குசினியில் பாய் போட்டுக்கொள்கிறேன்.

என் ஸ்வெட்டர் இன்னும் இருந்தால் வெயிலில் போட்டு வை.

உன் சிறில்