நாளை உடையப்போகும் நடுச்சுவர்

அம்மா, இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அங்கே பெரியம்மா இருந்தால் அவருக்கும் வேண்டாம். கனவில் வந்தாவது அப்பாவிடம் சொல்லிவிடுவார்.

இன்று குசினியைக் காலி செய்தோம். அடுப்புக்குப் பின்னால் உங்கள் கரண்டி கிடைத்தது. காம்பு நெளிந்த அதே கரண்டி. முகர்ந்து பார்த்தேன். கரி வாசம்தான் வந்தது, உங்கள் வாசம் வரவில்லை.

மழைக்குப் பிறகு குசினிப் பக்கம் மண் இறங்கிவிட்டது. வந்து பார்த்த அதிகாரி குசினியை இடித்துவிடச் சொன்னார். அப்பா முதலில் பேராதனையிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரரை அழைத்து வந்தார். இடிக்கிற வேலையை முறையாகப் படித்தவர். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான நடுச்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன், செல்வி சித்தி வீடு என்று. அவர் மகனின் கட்டில் அந்தச் சுவரோடு ஒட்டித்தான் கிடக்கிறது என்று.

"அப்ப அவங்ககிட்ட கதைச்சு, வேற எங்கயாவது இருக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கமும் முட்டுக் கொடுக்கணும். இல்லாட்டி கை வைக்க ஏலாது."

"அவகிட்ட நான் கதைக்கணுமா? நீங்க போங்க. ஊர்ல வேற ஆளா இல்ல?" என்று அப்பா அவரை அனுப்பிவிட்டார்.

ஏனென்று உங்களுக்குத் தெரியாது அம்மா. உங்கள் காரியத்தன்று சித்தி எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே அப்பாவைக் கேட்டுவிட்டார். "ஒரு கிழமை முன்னாடியே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா அக்கா பொழைச்சிருப்பாங்களே?" அன்றிலிருந்து அப்பா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. "அந்த வீட்டுப் படியேறினா இங்க திரும்பி வராத" என்று என்னிடமும் சொல்லிவிட்டார்.

பிறகு வந்தவர் கலஹா கடைவீதியில் பெக்கோ மெஷின் வைத்து மண் அள்ளுகிறவர். சுவரைக் காலால் உதைத்தார். "சுவரா அண்ணே இது, அப்பளம்! டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிரலாம்."

அப்பா சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நாளை காலையில் பெக்கோ வருகிறது, சித்தி வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சுவர்தானே டெலிபோன். இரண்டு தட்டு என்றால் தேங்காய்ப் பாதி இருக்கிறதா. மூன்று என்றால் உடனே வா. என் காலில் கஞ்சி கொட்டிய அன்று நீங்கள் மூன்று தட்டினீர்கள். சித்தி தலையில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார். "என்னாக்கா, வீடு பத்திக்கிச்சோன்னு நெனைச்சேன்!" நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் அந்த நுரையைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள்.

"நீ சும்மா மூணு தட்டிறாத. வந்துருவா" என்று எனக்குச் சொல்லி வைத்தீர்கள்.

உங்களுக்குப் பிறகு அந்தச் சுவரில் யாரும் தட்டுவதில்லை. பையனின் இருமல் மட்டும் கேட்கும். என்னோடு யாரோ இருப்பதுபோல அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். இப்போது காலியான குசினியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவன் இருமுகிறான்.

சற்று முன்னால் தட்டிவிட்டேன் அம்மா. உங்கள் கரண்டிக் காம்பால், மூன்று.

அந்தப் பக்கம் கட்டில் அசைந்த சத்தம் கேட்டது. அதன்பிறகு ஒன்றுமில்லை. சித்தி மறந்திருப்பாரோ? அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ? கரண்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

வாசற்கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார். அவர் திறப்பதற்குள் நான் போய்...