ஏழு முறை பாடிய வரி

ஷுப்ரா, கெய்ரோ
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஹைதமுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நலமாக இருக்க இறைவன் துணையிருக்கட்டும். இங்கும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். எதிர்வீட்டு நாதியா ஹாம்பர்க் வருகிறாள், அதனால் அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை கச்சேரி. பொற்காலத்துப் பாட்டுகளை மறுபடி மேடையேற்றுகிறார்கள். டிக்கெட் தீர்ந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரே பாட்டு, முழுதாக ஒரு மணி நேரம். தாளைப் பார்த்துப் பாடுவது அவருக்கு அவமானம், உனக்குத்தான் தெரியுமே.

நேற்று ஒத்திகையில், "நீ வருவாய் என்று கதவைத் திறந்தே வைத்தேன்" என்ற வரியை ஏழு முறை பாடினார், ஏழும் ஏழு விதம். கானூன் தந்திகளை மீட்டும் லத்தீஃப், "உஸ்தாத், உசுரை வாங்குறீங்களே! இன்னொரு தடவை!" என்று கத்தினார். சபை உருகிக் கேட்டால் வரியைத் திருப்பிப் பாடுவதுதான் முறை. ஆனால் இவர் யாரும் கேட்பதற்கு முன்பே திருப்பிப் பாடிவிட்டார். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? அடுத்த வரி அவருக்கு வரவில்லை. ஏழு முறையும் அதைத்தான் தேடினார். மேடைத் திரை ஓரத்திலிருந்து நான் உதட்டை அசைத்தேன், பிடித்துக்கொண்டார்.

வீட்டில் கேட்டதற்கு, "ஏண்டி, நாப்பது வருஷமா பாடுறேன், எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று சிரித்தார். மொலோகியாக் கீரையும் ரொட்டியும் சாப்பிட்டுக் கை கழுவினார். உடனே, சாப்பாடு தயாராகிவிட்டதா என்று கேட்டார்.

டாக்டரிடம் போகலாம் என்றால், கச்சேரி முடியட்டும் என்கிறார். குழுவிடம் சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், மனிதர் அதோடு படுத்துவிடுவார். சொல்லாவிட்டால், அத்தனை ஜனத்துக்கு முன்னால்... எழுதவே பயமாக இருக்கிறது.

அன்று திரை ஓரத்தில் டிவிக்காரர்கள் இருப்பார்களாம், என்னை நிற்க விடமாட்டார்கள். முன்வரிசை நடுவில் உனக்கும் எனக்கும் இடம் வாங்கிவிட்டேன். நடுக்கத்தில் எனக்கே வரி மறந்துவிடும். நீதான் சின்ன வயதில் அந்தப் பாட்டை முழுதாகப் பாடி எங்களைத் தூங்கவிடாமல் செய்தவன். அவர் பார்க்கும்போது நீ உதட்டை அசை, போதும்.

லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே ராசா. இறைவன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மணி அடித்தால் அப்பாதான் ஓடிவந்து கதவைத் திறப்பார். கட்டிப்பிடிப்பதற்கு முன்னால், சும்மா சொல்வதுபோல, உன் பெயரைச் சொல்லிவிடு.

உன் அம்மா,
பஹீஜா