கடல் திருப்பிக் கொடுக்கும் என்று நம்பியவருக்கு

இன்று காலை அங்கன்வாடி வேலைக்குக் கிளம்பி பஸ்ஸுக்காக நின்றேன். கடற்கரைச் சாலைப் பாலத்தின் சுவரில் யாரோ ஒருவர் நீல பெயின்ட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "இயேசு சீக்" என்பது வரைக்கும் வந்திருந்தது. எனாமலும் டர்பன்டைனும் கலந்த அந்த வாசனை காற்றில் வந்து மோதியதும் பஸ்ஸை விட்டுவிட்டேன். எத்தனை தடவை துவைத்தாலும் உங்கள் சட்டைகளிலிருந்து போகாத வாசனை அது.

அதே சுவரில் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். மீனவர் குப்பத்துப் படகுகளுக்குப் பெயர் எழுதுவதுதான் உங்கள் பிழைப்பு. காலையில் ஒரு படகில் அம்மன் பெயரை, புள்ளி பிசகாமல், பூ வைத்து எழுதிவிட்டு வருவீர்கள். சாயங்காலம் கூலி வாங்காமல் சுவரில் இயேசுவின் வருகையை எழுதுவீர்கள். எந்த எழுத்தையும் ஏனோதானோவென்று நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை.

நம் மகன் ஜோயலைக் கடல் கொண்டுபோனபோது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். சிநேகிதர்களோடு குளிக்கப் போனவன். மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். குப்பத்து ஆட்கள் அவர்களே டீசல் போட்டு, தொழிலை நிறுத்திவிட்டு நாள்கணக்கில் தேடினார்கள். முன்னால் நின்று தேடியவர் ஆறுமுகம். அவர் படகுக்கு அந்த மாதம்தான் நீங்கள் பெயர் எழுதியிருந்தீர்கள். நம் பிள்ளை கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் சபையார் எல்லாரும் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போவார்கள். நமக்குப் போக இடம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருப்போம்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் வேதத்தின் கடைசிப் பகுதியை விடாமல் வாசிக்க ஆரம்பித்தீர்கள். கடல் தன்னிடத்திலுள்ள மரித்தவர்களை ஒப்புவிக்கும் என்று அதில் ஓர் இடம் வரும். அந்தப் பக்கத்தின் ஓரம் உங்கள் விரல் பட்டுப் பட்டு நீலமாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் நம் சபைக்கு வந்தார். ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, அந்தக் கடைசிப் பகுதியில் வருகிற முத்திரைகளும் எக்காளங்களும் மிருகங்களும் வரைந்த ஒரு பெரிய துணியைத் தொங்கவிட்டுப் பேசினார். காலம் நெருங்கிவிட்டது என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். நீங்கள் நிறுத்தவில்லை. யுத்தச் செய்தி, நிலநடுக்கம், கொரோனா, நம் உப்பளத்தைக் கரைத்துக்கொண்டு போன புயல், எல்லாவற்றையும் தீர்க்கதரிசனத்தோடு பொருத்திப் பார்த்தீர்கள். வரப்போகிற மழைக்காலம் முடிவதற்குள் இயேசு வந்துவிடுவார் என்று வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் மிரட்டவில்லை. அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். ஊருக்குப் போன பிள்ளை நாளைக்கு வருகிறான் என்று சொல்கிற அப்பாவின் முகம் உங்களுக்கு. உப்பளத்தில் வேலை செய்கிற சாமுவேல் அப்படித்தான் நம்பினார். அவர் மகள் எஸ்தருக்கு நர்சிங் படிக்க பாண்டிச்சேரியில் சீட் கிடைத்திருந்தது. இருக்கப்போவது கொஞ்ச காலம், அதில் எதற்குப் பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டும் என்று அவளைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

மழை வந்தது. உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. ராத்திரியெல்லாம் தகரக் கூரையில் சத்தம் கேட்கும்போது நீங்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வீர்கள். பிறகு மழை விட்டது, தண்ணீர் வடிந்தது, வெயில் சுள்ளென்று அடித்தது. ஒருநாள் காலையில் சாமுவேல் நம் வாசலைக் கடந்து போனார். மறுபடி உப்பு எடுக்கப் பாத்தியை மிதித்து இறுக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னார். உங்கள் பக்கம் திரும்பாமலே நடந்தார். நீங்கள் கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டீர்கள்.

"கணக்கு எங்கியோ தப்பிப்போச்சு," என்றீர்கள்.

"நீங்க கணக்கா போட்டீங்க? புள்ளைக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க," என்றேன்.

அன்றைக்குத்தான், அவன் போனதற்குப் பிறகு முதல் தடவையாக, என் எதிரில் அழுதீர்கள்.

பாஸ்டர் நல்ல மனிதர். உங்கள் மேல் இருந்த அக்கறையில் வீட்டுக்கே வந்து ஒரு வழி சொன்னார். கர்த்தர் கிருபையின் காலத்தை நீட்டிக் கொடுத்திருக்கிறார் என்று சபையில் சொல்லிவிடலாம், யாரும் உங்களைக் குறையாகப் பேச மாட்டார்கள் என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

"இல்ல பாஸ்டர். தப்பாப் புரிஞ்சிக்கிட்டது நான். அதைத் தூக்கி அவர் மேல போடக்கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் நீங்கள் எழுந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் சொன்னது நடக்கவில்லை, சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை, என்னை நம்பி யாராவது எதையாவது இழந்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்றீர்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். சாமுவேல் தலை நிமிரவே இல்லை.

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனோம். சாமுவேல் பாய்கூட எடுத்துப் போடவில்லை. உங்க பேச்சை நம்பித்தானே அண்ணா பண்ணினேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நீங்கள் எஸ்தரைக் கூப்பிட்டு, என்னால் உன் படிப்பு போயிற்று அம்மா என்றீர்கள். அந்தப் பெண் அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னப்போ எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் பெரியப்பா இருந்துச்சு. ஹாஸ்டலுக்குப் போவணுமேன்னு ரொம்ப பயம். இப்பதான், போயிருக்கலாமோன்னு தோணுது."

அடுத்த வருஷம் அந்தச் சீட் திரும்பக் கிடைக்கவில்லை. நீங்கள் விடவில்லை. அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம், பாண்டி என்று கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினீர்கள். திண்டிவனம் போகும் வழியில் பெருமுக்கல் தாண்டும்போது பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்துக்கொள்வீர்கள். கடைசியில் ரத்தப் பரிசோதனை சம்பந்தமான ஒரு படிப்பில் இடம் கிடைத்தது. அவள் கேட்டது அது இல்லை. ஆனாலும் படித்தாள். சாமுவேல் உங்களிடம் சகஜமாகப் பேச அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசுவதை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டீர்கள். யாராவது மிருகத்தைப் பற்றியோ முத்திரையைப் பற்றியோ கேட்டால், "தெரியலை" என்பீர்கள். முதலில் அந்த வார்த்தை உங்களுக்குச் சிரமமாக இருந்தது. போகப் போக, தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைப்பது மாதிரி சொல்லப் பழகிவிட்டீர்கள்.

ஒரு நாள் நீங்களாகவே கடற்கரைக்குப் போகலாம் என்றீர்கள். அதுவரை படகுக்குப் பெயர் எழுதப் போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவீர்கள். அன்றைக்கு அலையைப் பார்த்து உட்கார்ந்தோம். வலை பின்னிக்கொண்டிருந்த ஆறுமுகம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்பா, உங்க வேதத்துல கடைசியில கடலே இருக்காதுன்னு போட்டிருக்குதாமே? அப்ப நாங்கெல்லாம் எங்க போறது?"

கேலியாகத்தான் கேட்டார். நீங்களும் சிரித்துக்கொண்டே தெரியலை என்றீர்கள். ஆனால் வீடு திரும்பும் வழியில், உப்பளத்து வரப்பில், நின்றுவிட்டீர்கள்.

"ஆறுமுகம் கேட்டது சும்மா கேள்வி இல்ல. கடல்ல தேடிப் போனவங்களைக் கர்த்தர் வெளியில நிறுத்திட்டு நம்ம புள்ளைய மட்டும் குடுத்தா, நான் எப்படிக் கை நீட்டி வாங்குவேன்?"

அன்றிலிருந்து உங்கள் ஜெபத்தில் ஜோயலின் பெயரோடு அந்தக் குப்பத்துப் பெயர்களும் வர ஆரம்பித்தன. வருகை என்றாலே நம் வீட்டுக்கு மட்டும் வருகிற ஒன்றாக அதுவரை நினைத்திருந்தோம் போல.

பிறகு சர்க்கரை உங்கள் சிறுநீரகத்தைப் பிடித்தது. பாண்டி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய் வருவதே வாழ்க்கையாகிவிட்டது. எஸ்தர் வேலைக்குப் போன ஊரிலிருந்து போன் செய்து, ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டச் சொல்லி விளக்குவாள். கடைசி வாரம் நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். நிஜமாகவே அவர் வருவாரா என்றேன்.

"வருவாரு. எப்பன்னு மட்டும் என்னைக் கேக்காதே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

உங்களை அடக்கம் செய்த அன்று குப்பத்தில் பாதிப் பேர் கடலுக்குப் போகவில்லை. ஆறுமுகம் குழியருகில் கை கட்டிக்கொண்டு, பாட்டு தெரியாமல், கடைசி வரைக்கும் நின்றார். கல்லறைத் திருநாளுக்குப் போக இப்போது எனக்கு ஓர் இடம் இருக்கிறது. இரண்டு மெழுகுவத்தி கொண்டுபோய் இரண்டையும் உங்களிடமே ஏற்றி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது நானும் போகிறேன். டிவியில் யுத்தத்தைக் காட்டுகிறார்கள், எல்லாருக்கும் பயம். போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண், இதெல்லாம் கடைசி காலம்தானே அக்கா என்று கேட்டாள். தெரியலை என்றேன். உங்கள் குரல் மாதிரியே வந்தது. அவள் விடவில்லை.

"ஒண்ணுமே தெரியாமதான் வாரா வாரம் வர்றீங்களா அக்கா?"

"வருவாருன்னு தெரியும். தனியா உக்காந்து காத்திருக்க முடியலை. அதான் வர்றேன்."

அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்குப் பாயில் இடம் விட்டாள்.