இடப்பக்கத்துக்காரனுக்கு அவசரப்பட்டுச் சொன்ன ஓம்

என் வசந்திக்கு,

நீ இருக்கிற இடத்தில் குளிர் இல்லை என்று நம்புகிறேன். இங்கே சுவிஸ் எம்மன்புரூக்கேயில் மாசி முடியப்போகிறது, ஆற்றுக் காற்று இன்னும் காதைக் கடிக்கிறது. உன்னுடைய பூப்போட்ட கம்பளித் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களின் காது என்னுடையதைவிடச் சிவந்திருக்கிறது.

நீ போய் இரண்டு வருடம். நினைவு நாளுக்கு மற்றவர்கள் படமும் கவிதையும் போடுவார்கள். எனக்குக் கவிதை வராது, வம்புதான் வரும். அதனால் இந்தக் கடிதத்தை எல்லோரும் வாசிக்கப் போட்டுவிட்டேன். நிலானிக்குக் கோபம். "அப்பா, எங்கட வீட்டுக் கதை ஊருக்கு எதுக்கு?" என்றாள். குணம் அண்ணையின் தமிழ்க்கடையில் மரக்கறி வாங்குகிற சனத்துக்கு இந்தக் கதை எனக்குத் தெரிய முன்னமே தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்துபோய் இருக்கிறேன். இந்த மனுசன் எப்போது பயப்படாமல் இருந்தது என்று நீ கேட்பாய். மலையில் மாடு மணியாட்டிக்கொண்டு வந்தால் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவன்தான். அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் உன்னை உடைக்கச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவன்தான். அந்தப் பயங்களுக்கெல்லாம் நீ இருந்தாய். இந்தப் பயத்தோடு நான் தனியாக இருக்கிறேன்.

உன் மகள் ஒருவனை விரும்புகிறாள். நீ காணாதவன். எமிலியோ என்று பெயர், ஸ்பெயின்காரன். அவள் வேலை செய்கிற சிகிச்சை நிலையத்துக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். முழங்கால் நிமிர்ந்துவிட்டது, மகள் சாய்ந்துவிட்டாள். ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற சின்னக் கழகம் ஒன்றுக்கு உதைபந்தாடுகிறான்.

நான் உடனே விசாரிக்கக் கிளம்பினேன். சம்பந்தம் என்றால் விசாரிக்காமல் இருக்க முடியுமா? முதல் விசாரணை குணம் அண்ணையிடம்தான். இந்த நாட்டில் பாதிக் கல்யாணம் அவருடைய வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில்தான் பேசப்பட்டது.

"மாப்பிள்ளை என்ன செய்யிறார்?"

"லெப்ட் பேக், அண்ணை."

"அது இருக்கட்டும். வேலை என்ன?"

"அதுதான் வேலை. மைதானத்தில இடப்பக்கம் பின்னால நிண்டு, எதிராளியை உள்ளுக்க விடாமப் பாக்கிறது."

"அப்ப செக்கியூரிட்டி எண்டு சொல்லுங்கோவன்! என்னத்துக்கு இங்கிலீசில சொல்லிப் பயப்படுத்திறியள்?"

பிறகு நானே அவன் வரலாற்றைத் தோண்டினேன். வடக்கு ஸ்பெயினில் ஒரு மீன்பிடி ஊர். சின்னப் பெடியனாக இருக்கும்போதே ஒரு பெரிய கழகம் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வளர்த்திருக்கிறது. முன்னால் ஓடிக் கோல் அடிக்கிற பெடியனாகத்தான் போனானாம். கூட்டத்தில் இடது காலால் உதைக்கிறவன் அவன் ஒருவன்தான் என்று பயிற்சியாளர் பின்னுக்கு இழுத்துவிட்டார். பெரிய பிரிவில் ஒரே ஒரு ஆட்டம், அதுவும் முடிகிற நேரம் இறக்கியது. அதற்குப் பிறகு அந்தக் கழகம் அவனை ஒவ்வொரு ஊராக இரவல் கொடுத்திருக்கிறது. நாங்கள் இரவல் கொடுத்த இடியப்ப உரல் எப்போதாவது திரும்பி வந்ததா? இவன் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்திருக்கிறான். அதுதான் அவனுக்குக் கெடுதலாகப் போயிற்று. கடைசியில் சைப்ரஸ், போலந்து, கிரேக்கம் என்று சுற்றி, முழங்காலையும் கிழித்துக்கொண்டு சுவிஸுக்கு வந்து சேர்ந்தான்.

நிலையில்லாத மாப்பிள்ளை என்று குறை சொல்ல வாயைத் திறந்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்த பாதையை யாராவது எழுதினால் இதைவிட அசிங்கமாக இருக்கும் என்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

ஆனாலும் குறை பிடிக்காமல் விடுவேனா? ஒவ்வொரு சனிக்கிழமையும் தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் இருந்து அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். அந்த இடம் ஒரு பாவப்பட்ட இடம், வசந்தி. எல்லோரையும்விட அதிகம் ஓடுகிறவன் அவன். நல்ல பந்து அவன் கொடுத்தால் கோல் அடித்தவனைத் தூக்குவார்கள். அவன் பக்கத்தால் கோல் விழுந்தால் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் மாதிரி.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. பந்து அந்தப் பக்கம் இருக்கிறது, இவனை யாரும் தொடவில்லை. நின்றான். சப்பாத்துக் கயிறு கட்டப்போகிறவன்போலக் குந்தினான். பிறகு சரிந்தான். நான் "எழும்பு, நடிக்காத" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அதற்குள் ஒருத்தி விளம்பரத் தட்டியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடுவது தெரிந்தது. அவள் போட்டிருந்தது உன்னுடைய பச்சை ஜாக்கெட்.

நீ இருதயம் நின்று அந்த பஸ் தரிப்பிடத்தில் விழுந்தபோது நான் பார்க்கவில்லை. தொலைபேசியில் சொன்னார்கள். இந்த முறை பார்த்தேன். ஒன்றையும் பார்க்காமல் இருந்ததுதான் கொடுமை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அவன் பிழைத்தான். மைதானத்திலேயே மின்னதிர்ச்சி கொடுத்து இருதயத்தைத் திருப்பி எடுத்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். இருதயம் தவறினால் அது உள்ளேயே உதைக்குமாம். நான் அதைப் பற்றரி என்கிறேன், நிலானி முறைக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவன் வெளிறிப்போய்க் கிடந்ததைப் பார்த்த அன்றைக்கே என் மனதுக்குள் அவனுக்கு மகளைக் கொடுத்துவிட்டேன். சாதகமும் பார்க்கவில்லை, சம்பளமும் கேட்கவில்லை. அவன் வந்து கேட்டால் போதும் என்று காத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குணம் அண்ணை தொலைபேசி எடுத்தார். மூச்சு வாங்குகிறது அவருக்கு.

"அண்ணை, வெள்ளைக்கார மாப்பிள்ளை கடைக்கு வந்து தட்டு, வாழைப்பழம், வெத்திலை, தேங்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு வாறார்! நான்தான் அடுக்கிக் குடுத்தனான். கற்கண்டு என்ர செலவு. கெதியா வேட்டியைக் கட்டுங்கோ!"

கட்டினேன். அவசரத்தில் உன் படத்துக்கு முன்னால் விளக்கும் கொளுத்தினேன். மணி அடித்தது. எமிலியோ இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் நிலானி. எனக்கும் அவனுக்கும் இடையில் பாலம் எங்கள் இரண்டு பேருடைய ஓட்டை ஜேர்மன்தான். இரண்டும் ஒரே இடத்தில் ஓட்டை என்பதால் நன்றாக விளங்கும். அன்றைக்கு அவன் பாடமாக்கி வைத்த தமிழில் "மாமா" என்று தொடங்கினான். பிறகு ஜேர்மனுக்குத் தாவினான்: "பெரிய விசயம். நிலானி சொன்னா, உங்கட ஆக்கள் பெரியவையிட்டக் கேட்டுத்தான் செய்வினம் எண்டு. நீங்கள் ஓம் எண்டாத்தான் நான்…"

முடிக்க விட்டேனா? "ஓம், ஓம், ஓம்! நல்லபடியாச் செய்யுங்கோ, தம்பி!" என்று தட்டை வாங்கிவிட்டேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து சொன்னான்: "நன்றி, மாமா. அப்ப வாற சனிக்கிழமையில இருந்து விளையாடுறன்."

வாழைப்பழத் தட்டும் கையுமாக நான் நின்றேன். நிலானியைப் பார்த்தேன். அவள் முகம் சுவரைவிட வெள்ளையாக இருந்தது.

அவன் போன பிறகு நிலானி குசினிக்குள் அடுப்போரம் வந்து தேங்காயை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஏன் அவரை உங்களிட்ட அனுப்பினனான் தெரியுமோ? இந்த சுவிசிலயே உங்களைவிடப் பயந்த ஆள் இல்லை. நீங்கள் கட்டாயம் வேண்டாம் எண்டு சொல்லுவியள் எண்டு நம்பினன். மாட்டுக்குப் பயம், லிப்டுக்குப் பயம், தபால்காரனுக்குப் பயம். இதுக்கு மட்டும் எங்கயிருந்தப்பா வந்தது துணிவு?"

"பிள்ளை, நான் கலியாணம் எண்டெல்லோ நினைச்சன்!"

"கலியாணத்துக்கு உங்களை ஆர் கேக்கப் போறது?"

இதற்கு உன்னால் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். நான் விசயத்துக்கு வந்தேன்.

"நீ சொல்லன் வேண்டாம் எண்டு."

"நான் சொன்னா, சாகுமட்டும் என்ர முகத்தைப் பாக்கேக்க அவருக்கு மைதானம் ஞாபகம் வரும்."

"அப்ப என்ர முகத்தைப் பாத்து வந்தாப் பரவாயில்லையோ?"

"உங்கட முகத்தை ஆரப்பா அடிக்கடி பாக்கினம்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். அம்மா போனதுபோல இவரும் போவதைத் தன்னால் பார்க்க முடியாது என்றாள். நானும் தேங்காயை உருட்டத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினேன். வாக்குக் கொடுத்துத் தட்டு வாங்கியவன் திருப்பி எடுக்கப் போகிறான். நம் ஆட்களில் இப்படி ஒருவனைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? வாயைத் திறந்தால் ஒரு மனிதனின் தொழில் முடியும். மூடிக்கொண்டு திரும்பினால் சனிக்கிழமை என்ன முடியும்?

பயிற்சி முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அவன் மட்டும் இடப்பக்கக் கோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தான். ஓடுவான், நிற்பான், நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பான், மறுபடி ஓடுவான். திருடன் வீட்டுக்குள் நிற்கிறானா என்று கதவில் காது வைக்கிறவன் மாதிரி.

"தம்பி, நான் ஓம் எண்டது வேற கேள்விக்கு. நீங்கள் மகளைக் கேக்க வந்தனீங்கள் எண்டு நினைச்சிட்டன்."

முதலில் சிரித்தான். பிறகு புல்லில் அப்படியே இருந்துவிட்டான்.

"டொக்டர் சொல்லுறார், ஆபத்துக் கொஞ்சம்தானாம். கழகம் சொல்லுது, உன்ர பொறுப்பெண்டு கையெழுத்துப் போட்டாப் போதுமாம். நிலானி சொல்லுறா, அது என்ர விருப்பமாம். நீங்களும் ஓம் எண்டியள். எல்லாரும் துணிவா நிக்கினம், மாமா. எனக்கு மட்டும்தான் பயம் எண்டு நினைச்சன்."

நானும் பக்கத்தில் இருந்தேன். ஈரப்புல், காற்சட்டை நனைந்துவிட்டது. "நான் உங்களைவிடப் பயந்தவன்" என்றேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்குக் காலையில் நீ அவசரமாகப் போனதையும், தொலைபேசி அடித்ததையும், இன்றுவரை அது அடித்தால் நான் அசையாமல் நிற்பதையும். சொல்லிவிட்டு, "விளையாடாதேங்கோ" என்றேன்.

அவன் புல்லைப் பிடுங்கினான். "சின்ன வயசில இருந்து நான் நிக்கிற இடம் இதுதான். இதில நிக்காட்டி நான் ஆர்?"

இதற்குப் பதில் உனக்குத் தெரியுமா? நீ தொழிற்சாலையை விட்ட வருடம் இதே கேள்வியைக் கேட்டாய், அப்போது நான் ரசத்துக்கு உப்புக் காணாது என்று பேச்சை மாற்றியவன். இந்த முறை மாற்றவில்லை. அவன் எழும்புகிறவரைக்கும் நானும் எழும்பவில்லை.

அடுத்த நாள் கழகத்துக்குச் சொல்லிவிட்டான்.

நேற்று, சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க முன்னால் விடைகொடுத்தார்கள். நிலானியும் நானும் பார்வையாளர் வரிசையில். அவன் சாதாரணக் கோட்டும் சப்பாத்துமாக ஓரத்தில் நின்றான். ஒலிபெருக்கிக்காரன் ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு கழகமாக அவன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போனான். நான் கள்ளத்தனமாகத் தோண்டி எடுத்ததெல்லாம் அங்கே பெருமையாக ஒலித்தது. நடுவில் பூச்செண்டோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள், அவன் நடந்து போய் வாங்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு.

குனிந்து புல்லைத் தொட்டான். சிலுவை போட்டான். எல்லைக் கோட்டைத் தாண்டினான். சனம் எழும்பிக் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவனுடைய கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன. இடப்பக்கக் கோட்டோரமாக, முன்னுக்கு, வேகமாக. கோட்டு காற்றில் அடிக்கிறது. சனம் இன்னும் கத்துகிறது. நிலானியின் நகம் என் கையைத் துளைக்கிறது.

நான் இருந்த வாங்கின் மேல் ஏறி நின்றேன், வசந்தி.

"டேய்! நடவடா! நட! ஓடாத, நடவடா!"

எனக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவியின் தொத்திறைச்சி மடியில் விழுந்தது. நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. அவன் நின்றான். மேலே தேடினான். பூப்போட்ட தொப்பியோடு வாங்கில் நிற்கிற விசரனைக் கண்டான். நெஞ்சில் கையை வைத்தான். பிறகு நடந்தான். எவ்வளவு மெதுவாக என்றால், ஒலிபெருக்கிக்காரனுக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

இப்போது அவன் நம் வீட்டுச் சாய்வுக் கதிரையில் நித்திரை. அடுத்து என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நான் இந்தக் கடிதத்தின் நடுவில் எழும்பி எழும்பிப் போய் அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய வாயால் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்கிறேன். இனிப் பயம் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடமாட்டேன். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று, உனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் போடுவேன்.

நிலானியின் அப்பாவும், நேற்றிலிருந்து ஸ்பெயின்காரன் ஒருவனுக்கு மாமாவுமான,
உன் மனுசன்
சிவம்