எக்காரணம் கொண்டும் தாமதமின்றி

வுப்பர்டால்,
24.09.2025, புதன்கிழமை

அன்புள்ள மகள் தர்மிகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் உன்னோடு வேலை செய்கிற லூக்காஸும் காத்மாண்டு போய்ச் சேர்ந்த செய்தி நேற்றுக் கிடைத்தது. நாளை ஜீப் வண்டியில் புறப்பட்டு, மறுநாள் முதல் ஆற்றோரமாக நடக்கத் தொடங்குவீர்கள் என்றும், பள்ளத்தாக்கின் மேல் ஊர்களில் தொலைபேசி எடுக்காது என்றும் எழுதியிருந்தாய். ஆகவே, விமான நிலையத்தில் நாம் ஒப்புக்கொண்டபடி, இணையம் கிடைக்கும் ஊர்களிலிருந்து நீ எனக்குக் கடிதமாகவே எழுத வேண்டும். ‘நலம்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தைக் கழிக்க என்னால் இயலாது.

உன் பயணக் காப்புறுதி ஒப்பந்தத்தை அடிக்குறிப்புகளோடு வாசித்தேன். நாலாயிரம் மீற்றருக்குக் கீழே நிற்கும்வரை அது செல்லும். நீங்கள் செல்லும் கடைசிப் புத்த மடம் மூவாயிரத்து எழுநூறில் இருக்கிறது. அந்த முந்நூறு மீற்றர் இடைவெளி சட்டத்துக்குப் போதும், எனக்குப் போதவில்லை.

உனக்கு இருபத்தொன்பது வயது என்பதையும், உன்னைத் தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதையும் அறிவேன். ஆனால் என் தொழிலை நீ எண்ணிப் பார்க்க வேண்டும். கொழும்பில் சட்டம் படித்து, ஒரு நாளும் வழக்காடாமல் இங்கே வந்து, இருபத்தேழு ஆண்டுகளாக நீதிமன்றங்களுக்குச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். என் மேசைக்கு வரும் கோப்புகள் யாவும் ஏதோ ஒன்று தவறிய பிறகு வந்தவை. பத்திரமாக வீடு திரும்பியவர் எவருக்கும் கோப்புத் திறக்கப்படுவதில்லை. உன் அம்மாவும் காலமான பிறகு, எனக்குத் தெரிந்த உலகம் பெரும்பாலும் அந்தக் கோப்புகளுக்குள்தான் இருக்கிறது.

வழிகாட்டி நோர்பு சொல்வதைத் தட்டாமல் கேள். உன்னைப் பற்றி அவர் அறிய வேண்டியதை அறிந்திருக்கிறார்.

உன் நலம் நாடும்,
அப்பா
(சி. சிவகுருநாதன்)


சும்லிங்,
28.09.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளுக்குக் கடிதம் எழுதிப்போட்டு முழுப்பேரில கையெழுத்து வைக்கிற ஒரே தகப்பன் நீங்கள்தான். லூக்காஸுக்குச் சொல்ல அவன் நம்பேல்லை. தமிழில எழுதச் சொன்னியள், எழுதுறன். பிழையைச் சிவப்பு மையால திருத்தி அனுப்பாதேங்கோ.

மூண்டு நாளாய் ஆத்தோடயே நடக்கிறம். ஆறு கீழ கிடக்கு, ஆனால் சத்தம் காதுக்குள்ள. தொங்குபாலத்தில நான் நடுவில நிக்க, அங்கால இருந்து எரிவாயு உருளை சுமந்த கோவேறு கழுதையள் வரிசையா வந்திட்டுது. திரும்பி ஓடினன். உங்கட மகள் எண்டதை அந்த இடத்தில நிரூபிச்சிட்டன்.

நேற்றையில இருந்து வேற உலகம். கல்லு வீடுகள், கூரையும் கல்லுப் பலகை. கீழ்வீட்டில மாடு, மேல்வீட்டில ஆக்கள். வழியெல்லாம் மந்திரம் செதுக்கின நீட்டுக் கல்லுச் சுவர். அதை வலப்பக்கம் விட்டுத்தான் நடக்கவேணும், நாங்கள் கோயில் சுத்துற மாதிரி. இந்தப் பள்ளத்தாக்கில ஒரு உயிரையும் கொல்லுறேல்லை எண்டு ஊர்கள் எல்லாம் சேர்ந்து எப்பவோ சத்தியம் பண்ணினவையாம். தேன்கூட எடுக்க மாட்டினம். மச்சம் தொடாத சுலோஜனா மாமியைக் கொண்டுவந்து விட்டால் கந்தசட்டிக்குக் கொலோனுக்குத் திரும்பி வரமாட்டா.

ஒரு விசயம்தான் விளங்கேல்லை. நோர்பு நல்ல மனிசன், நாற்பது வயசிருக்கும், வீடு இன்னும் மேல சேக்கம்பாரில. ஆனால் என்ரை பையை என்னைத் தூக்க விடுறாரில்லை. மணித்தியாலத்துக்கு ஒருக்கா கையைப் பிடிச்சு நாடி பாக்கிறார். நான் இருமினால் நிண்டிடுவார். ‘உனக்கு மட்டும் ஏன் இந்த ராச மரியாதை?’ எண்டு லூக்காஸ் நக்கலடிக்கிறான். நான் கொலோனில இதய நோயாளருக்கு நடைப்பயிற்சி குடுக்கிறவள், அப்பா. ஒரு ஆளை நோயாளியாப் பாக்கிற பார்வை எனக்குத் தெரியும்.

நீங்கள் ஏதாவது செய்தனீங்களோ?

நாளைக்கு மேல போறம். இனி ஒரு கிழமைக்கு இணையம் இல்லை.

அன்புடன்,
தர்மி


வுப்பர்டால்,
30.09.2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நீ நேரடியாகக் கேட்டாய். நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நீ இதை உடனே வாசிக்க மாட்டாய் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

ஆம், செய்தேன். இம்மாதம் இருபத்திரண்டாம் திகதி, உங்களை அழைத்துச் செல்லும் நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் ஒரு மருத்துவ அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அனுப்பினேன். இதயத்தின் பெருநாடி வால்வு சுருங்கியிருக்கிறது என்று அந்த அறிக்கை கூறுகிறது. முழு அறிக்கையை அல்ல, ஒரு பகுதியை மட்டுமே மொழிபெயர்த்தேன். முதற்பெயரும் பிறந்த திகதியும் அந்தப் பகுதிக்குள் வரவில்லை. ‘நோயாளி சிவகுருநாதன்’ என்று மட்டுமே நின்றது. நம் வழக்கப்படி தகப்பனின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக இருப்பதால், அவர்கள் அதை நீ என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே அனுப்பினேன். கீழே என் முத்திரையைப் பதித்தேன்.

கடிதத்தில், தலைவலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால் இவரை எக்காரணம் கொண்டும் தாமதமின்றிக் கீழே இறக்க வேண்டும் என்று எழுதினேன். உன் பயணத்தைத் தடுப்பது என் நோக்கமன்று. நோர்பு உன்னிடமிருந்து கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

அறிக்கை மெய்யானது. அதற்குரியவரின் சம்மதம் பெறப்பட்டது. அதற்கு மேல் இப்போது எதுவும் கூற விரும்பவில்லை.

கோபப்படுவாய். படலாம். கோபப்படுவதற்கு நீ பத்திரமாகத் திரும்பி வா.

அப்பா
(சி. சிவகுருநாதன்)


வுப்பர்டால்,
05.10.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நேபாளத்தில் வெள்ளிக்கிழமை முதல் பெருமழை என்று செய்தியில் சொல்கிறார்கள். மலைச்சரிவுகள், அடித்துச் செல்லப்பட்ட பாலங்கள். உன் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு என்ன பொருள் என்று நேற்று முழுவதும் யோசித்தேன்.

இன்று காத்மாண்டு நிறுவனத்தை அழைத்தேன். மேலாளர் மிகுந்த மரியாதையோடு பேசினார். “கவலைப்படாதீர்கள் ஐயா. உங்கள் கடிதத்தை நோர்புவுக்கு ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினோம். சின்னத் தலைவலி என்றாலும், மழையோ காற்றோ பார்க்காமல் மகளை இறக்கிவிடுவார்” என்றார்.

எக்காரணம் கொண்டும் என்று எழுதியவன் நான். மழையும் ஒரு காரணம் என்பது எழுதும்போது என் மூளையில் உதிக்கவில்லை. அந்த அறிவுறுத்தலை இரத்துச் செய்கிறேன், இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மேலே எவரையும் தொடர்புகொள்ள முடியவில்லை என்றார்.

அக்காவுக்கு, உன் சுலோஜனா மாமிக்கு, தொலைபேசி எடுத்தேன். “தம்பி, நீ சட்டம் படிச்சனியோ சாத்திரம் படிச்சனியோ? நடக்காத ஒவ்வொண்டுக்கும் திகதி குறிக்கிறாய். வைச்சிட்டு ஒரு வாய் சாப்பிடு” என்றா. அவவுக்கு நான் செய்ததைச் சொல்லவில்லை.

உனக்குத் தலைவலி வராமல் இருக்க வேண்டும். வந்தாலும் நீ அதைச் சொல்லாமல் இருக்க வேண்டும். ஒரு தகப்பன் வேண்டக்கூடாததை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சொல் எழுது. ‘நலம்’ என்றாலும் போதும்.

அப்பா


சேக்கம்பார்,
09.10.2025

அப்பா,

நான் உயிரோட இருக்கிறன். ஒரு கீறலும் இல்லை. அதை முதல்ல வாசிச்சுப்போட்டு, இருந்து மிச்சத்தை வாசியுங்கோ.

சனிக்கிழமை நிலே எண்ட ஊரில நிண்டம். கடைசி மடத்துக்கு முதல் ஊர். விடிய விடிய மழை. அண்டைக்கு ஊரில ஒருத்தரும் மாட்டைக்கூட வெளியில விடேல்லை. நாங்கள் அடுப்படியில குந்தியிருந்து உப்புத் தேத்தண்ணி குடிச்சம். புகை எண்டால் புகை. நான் சும்மா, “தலை இடிக்குது” எண்டன். அவ்வளவுதான். நோர்புவின்ரை முகம் செத்துப்போச்சு. உடனை பையைக் கட்டினார். வீட்டுக்கார மனிசி அவரைக் கிழிச்சுப் போட்டா. விசரோ, இந்த மழைக்குள்ள கல்லு உருளுற சரிவால போவியோ எண்டு கத்தினது பாசை தெரியாத எனக்கே விளங்கிச்சுது. நானும் ஏலாது எண்டன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், அப்பா. “தங்கச்சி, தயவு செய்து வாங்கோ, நிண்டால் நீங்கள் செத்துப்போவியள்” எண்டார். அப்பிடி ஒரு மனிசன் கும்பிட்டால் என்ன செய்யிறது? போனம்.

ஒரு மணித்தியாலம் இறங்கியிருப்பம். மேல ஏதோ உறுமிச்சுது. நோர்பு என்னைப் பாறை இடுக்குக்குள்ள தள்ளிப்போட்டு எனக்கு முன்னால நிண்டார். கல்லு அவரின்ரை வலக்கையில விழுந்தது. மேற்கை எலும்பு ரெண்டாய் முறிஞ்சிட்டுது. என்ரை ஊண்டுகோலை வைச்சுக் கட்டினன். லூக்காஸ் திரும்பி ஓடிப்போய் ஆக்களைக் கூட்டிவந்தான். நாலு பேர் மாறி மாறி முதுகுக் கூடையில அவரைச் சுமந்து இஞ்சை கொண்டுவந்தினம். நான் அவரின்ரை பையோட பின்னால வந்தன். இப்பவும் கூரையில தண்ணி விழுற சத்தம் கேட்டால் எழும்பி நிக்கிறன்.

திங்கட்கிழமை வெளிச்சத்தோட ஹெலிகொப்டர் வந்தது. அவரை ஏத்தேக்க, உள்சட்டைப் பையில இருந்து பிளாஸ்ரிக்கில சுத்தின ஒரு கடதாசியை இடக்கையால எடுத்துத் தந்தார். “இது உங்களிட்ட இருக்கட்டும். ஆசுப்பத்திரியில காட்டி மருந்தெடுங்கோ” எண்டார். கை முறிஞ்ச மனிசன் எனக்குச் சொல்லுறார்.

வாசிச்சன். கீழ உங்கட முத்திரை. இந்த அளவுகளை நான் ஒவ்வொரு நாளும் வேலையில பாக்கிறனான். இது பாத்துக்கொண்டு இருக்கிற வருத்தம் இல்லை, வெட்டவேண்டிய வருத்தம். பரிசோதிச்ச திகதி மார்ச் பன்னிரண்டு. அண்டைக்கு நீங்கள் டுசல்டோர்ஃப் நீதிமன்றத்தில வழக்குத் தவணை எண்டு சொல்லி என்ரை போனை எடுக்கேல்லை.

அப்பா, இது ஆரின்ரை இதயம்?

இஞ்சை இண்டைக்குத்தான் கொஞ்சம் இணையம் கிடைச்சுது, உங்கட ரெண்டு கடிதமும் இப்பதான் இறங்கினது. ‘அதற்குரியவரின் சம்மதம் பெறப்பட்டது.’ இப்பிடி ஒரு வசனத்தை மகளுக்கு எழுத உங்களால மட்டும்தான் ஏலும்.

லூக்காஸ் நாளைக்கு இறங்குறான். நான் வரேல்லை. நோர்புவின்ரை மனிசி தனிய நிக்கிறா. பனி கொட்ட முதல் உருளைக்கிழங்கு முழுக்கக் கிண்டவேணும், கிண்டுற ஆள் ஆசுப்பத்திரியில. இருபத்தஞ்சாம் திகதி வரைக்கும் நிண்டு கிண்டப்போறன். உங்களிட்ட அனுமதி கேக்கேல்லை. மனிசன் ஏன் அந்த மழைக்குள்ள இறங்கினவர் எண்டு அவவுக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்லவேண்டியது நான் இல்லை.

தர்மிகா


வுப்பர்டால்,
13.10.2025, திங்கட்கிழமை

அன்புள்ள மகள் தர்மிகாவுக்கு,

என்னுடைய இதயம்.

மார்ச் மாதத்திலேயே அறுவைச் சிகிச்சைக்கு நாள் தந்தார்கள். சம்மதப் படிவம் நான்கு பக்கம். என்னென்ன நேரலாம் என்பது அதில் வரிசையாக இருக்கிறது. அந்தப் படிவத்தை எத்தனையோ பேருக்கு நான் மருத்துவமனைகளில் வாசித்துப் பொருள் சொல்லி, “இது வழமையான நடைமுறை, பயப்படாதீர்கள்” என்று பேனையை நீட்டியிருக்கிறேன். என் முறை வந்தபோது, வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை இலாச்சிக்குள் வைத்தேன். ஏழு மாதம் அது அங்கேயே கிடந்தது. என் அறிக்கையை உன் பெயரில் மலைக்கு அனுப்பி, உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதரின் கை முறிந்துவிட்டது. அந்தக் கல் உன் மேல் விழுந்திருக்கும்.

நிறுவனத்துக்கு உண்மையை எழுதினேன்: தர்மிகாவுக்கு நோய் எதுவும் இல்லை, அறிக்கை என்னுடையது, நோர்பு அவர்களின் காயத்துக்கும் அதன் விளைவுகளுக்கும் நானே பொறுப்பு. நிபந்தனையோ விதிவிலக்கோ சேர்க்கவில்லை. மேலாளர் நேற்று மருத்துவமனைக்குச் சென்று நோர்புவிடம் அதை வாசித்துக் காட்டினார். நோர்பு, “அப்படியென்றால் தங்கச்சிக்கு ஒன்றும் இல்லையா?” என்று மட்டும் கேட்டாராம். மேலாளர் இதைச் சொன்னதும் நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவருடைய மனைவிக்கு எழுதியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு அவவுக்கு வாசிக்கச் செய். நீ மென்மைப்படுத்த வேண்டாம்.

என் முத்திரையை இன்று நீதிமன்றத்தில் ஒப்படைத்தேன். காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன். இனி நான் எதற்கும் கீழே கையெழுத்திட்டால், அது வெறும் என் சொல்.

சுலோஜனா மாமிக்கும் சொல்லியாயிற்று. அவ திட்டியதை எழுத இந்தத் தாள் போதாது. “அந்தப் பிள்ளை வராது, வரவும் கூடாது, நான் வாறன்” என்று முடித்தா. மருத்துவமனைக்கு அவதான் கூட்டிச் செல்வா.

படிவத்தில் கையெழுத்திட்டேன். தாதி வாங்கிப் பார்த்துவிட்டு, அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் இருந்த உன் பெயரைக் காட்டி, மகள் இங்கேதான் இருக்கிறாவா என்று கேட்டா. இல்லை, இமயமலையில் ஓர் ஊரில் கிழங்கு கிண்டிக்கொண்டிருக்கிறா என்றேன். மகள் கொடுத்து வைத்தவ என்றா. ஆம் என்றேன்.

வரும்படி இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. வேறு சொற்களில் மறைத்தும் கேட்கவில்லை. வேலை முடியும்வரை நில். அதன் பிறகு என்னோடு பேசுவதா இல்லையா என்பதை நீயே தீர்மானி.

எனக்குப் பயமாக இருக்கிறது, தர்மி. மார்ச் பன்னிரண்டாம் திகதி நீ அழைத்தபோது போனை எடுத்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது இது மட்டும்தான்.

இருபத்தோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழரைக்குத் தொடங்குவார்கள். உனக்கு அப்போது பதினொன்றேகால். நீ கிழங்கைக் கிண்டிக்கொண்டிரு.

அப்பா