மலை விழவில்லை, மாப்பிள்ளை

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே ஆளாய் இருந்த மாப்பிள்ளை காத்தமுத்துவுக்கு,

உன் கருமாதி முடிந்து மூன்று நாள் ஆகிறது. நம்மோடு பாதை வெட்டும் பட்டாளத்தில் இருந்தவர்களில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் அம்பிட்டிய மேட்டுக்கு, உன் வீட்டுக்கு வந்தார்கள். பன்விலப் பக்கம் கோப்பித் தோட்டத்தில் கங்காணியாகிவிட்ட மூக்கன், மகாவலியில் வெள்ளம் என்றும் பாராமல் ஓடத்தில் வந்தான். பூசணிக்காய்க் கறியில் என் தங்கச்சி பாக்கியம் உப்பைக் குறைத்துவிட்டாள். நீ இருந்திருந்தால் சொல்லிக் காட்டி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய்.

கடிதம்தான், ஆனால் மடித்து வைக்கப் போவதில்லை. நாலு பேர் கேட்க வாசிக்கவே எழுதுகிறேன். என் எழுத்து பட்டாளத்துப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தானாய்க் கற்ற எழுத்து. பிழை இருந்தால் கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இலை எடுத்ததும் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியும். தெல்தோட்டைப் பாதையில் மண் சரிந்தபோது ஜமேதாராய் இருந்த நீ வேலையை நிறுத்தினாயே, அங்கேதான்.

“ஜமேதார் அன்னைக்கு எங்கள எறக்கலேன்னா நான் ஏது, எம் புள்ளைக ஏது?” என்றான் மூக்கன்.

சுப்பனுக்குப் பொறுக்கவில்லை. நாம் விலகிய பிறகு சேர்ந்தவன், இப்போது பட்டாளத்தில் அவில்தார். “மலைதான் விழலையே! விழாத மலைக்குப் பயந்தவரு ஒங்க ஜமேதாரு. படைன்னா உத்தரவு பெருசு. ஆளு மூஞ்சியப் பார்த்துக்கிட்டிருந்தா வேல முடியுமா?”

“நீ பேசாதடா. நாங்க வெட்டின பாதையில தொந்தியத் தூக்கிக்கிட்டு நடக்கிறவன் நீ!” என்றான் மூக்கன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷமாய்ச் சொல்வதையே சொன்னேன்: “மலை விழல.”

பாக்கியம் செம்பில் தண்ணீரோடு வாசற்படியில் நின்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். “அண்ணே, அன்னைக்கு அலவாங்கப் பிடிச்சிருந்தது நீதானே. அது என்ன சொல்லிச்சு?”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கோபமும் உன்மேல்தான்.

கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். நம் பட்டாளத்தில் பாதிப் பேர் தெல்தோட்டைப் பக்கம் கூடாரம் போட்டிருந்தார்கள். நாம் பாதிப் பேர் கண்டிப் பக்கம். நடுவே மலை சரிந்து பாதையை மூடிவிட்டது. அந்தப் பக்கம் காய்ச்சல். அரிசியும் தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் அரிசி மூட்டைகள் காத்துக் கிடந்தன. சரிந்த மண் சேறாய்க் கிடந்தது, மிதித்தால் இடுப்புவரை இறங்கும். மாலைக்குள் மண்ணை அள்ளி அரிசியைச் சேர்க்க வேண்டும் என்று துரை உத்தரவு. அந்தப் பக்கம் காய்ச்சலில் கிடந்தவர்களில் ஒருவன் என் மகன் செல்லையா.

மண் சரிந்த இடத்தில் வேலை செய்ய நமக்கு ஒரு முறை உண்டு. மேட்டின் தலையில் அலவாங்கை, அதாவது இரும்புக் கடப்பாரையை, ஒரு முழம் அடித்து இறக்குவோம். ஒரு ஆள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உள்ளே கல் அசைந்தால், கண்ணுக்குத் தெரியுமுன் இரும்பில் தெரியும். அவன் ‘விடு’ என்று கத்தினால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். துரையே நின்றாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. அலவாங்கைப் பிடித்தவன் சொல்தான் முடிவு என்பது நீ போட்ட சட்டம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவனை, அவசரக்காரனை அங்கே உட்கார வைக்கக் கூடாது என்பதும் நீ போட்ட சட்டம்தான்.

அப்படியிருக்க என்னை ஏன் உட்கார வைத்தாய்?

“மச்சான், நீ மண்ணுல எறங்க வேணாம். மேல உக்காரு,” என்றாய். நான் புதைந்து போனால் பாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தாய். மகனை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு இருக்கிறவன் கையில் இருபத்திரண்டு பேர் உயிரைக் கொடுக்கலாமா? பாசத்தைப் பார்த்தாய், சட்டத்தை மறந்தாய். உத்தரவா ஆளா என்று நம்மவர்கள் அடித்துக்கொள்கிறார்களே, உன் தப்பு அதற்கும் முன்னாலேயே நடந்துவிட்டது மாப்பிள்ளை. அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

மத்தியானம் மழை வலுத்தது. பாதி மண் அள்ளியாகிவிட்டது. அப்போது அலவாங்கு நடுங்கியது.

ஆமாம். நடுங்கியது. மாட்டின் தோலில் ஈ உட்கார்ந்தால் சிலிர்க்குமே, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் பாதி மண், அப்புறம் அரிசி, அப்புறம் செல்லையா. என் புத்தியில் அது மட்டும்தான் ஓடியது. கீழே குனிந்து நின்றவர்களில் ஒருவனுடைய முகம்கூட எனக்குத் தெரியவில்லை.

நீ ஏறி வந்தாய். “என்ன மச்சான் சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லல. போய் வேலயப் பாரு.”

நீ என் கையைப் பார்த்தாய். இரும்பை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நீ என் கைக்கு மேலே உன் கையை வைத்தாய். பிறகு திரும்பி ‘விடு’ என்று கத்தினாய்.

எல்லாரும் இறங்கி ஓடினார்கள். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். மூட்டைகளை அங்கேயே பிரித்துச் சுமைகளாய்க் கட்டச் சொன்னாய். உன் தலையில் முதல் சுமையை வைத்துக்கொண்டு காட்டு வழியாய் மலையைச் சுற்றினாய். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தோம். நாலு பேர் செத்துப் போயிருந்தார்கள். செல்லையா முந்தின நாள்.

மலை விழவில்லை. அன்றும் விழவில்லை, அந்த மழைக்காலம் முழுவதும் விழவில்லை. திரும்பி வரும்போது அங்கே நின்று பார்த்தேன். அலவாங்கு நட்டபடி நின்றது.

கண்டியில் விசாரணை வைத்தார்கள். துரை பேச்சைத் தமிழில் சொல்லும் துபாசி என்னிடம் கேட்டான்: அலவாங்கு அசைந்ததா? இல்லை என்றேன். உன்னிடம் கேட்டான். “அலவாங்கப் பிடிச்சவர் சொல்லுதான் முடிவுங்க,” என்றாய். வேறு ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. அலவாங்கைப் பிடித்தவன் சொல்லை மீறினான், உத்தரவைக் கைவிட்டான் என்று எழுதினார்கள். பட்டாளத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு முன்னால் எல்லாரையும் வரிசையாய் நிறுத்தி, உன் சட்டைத் தோளில் இருந்த ஜமேதார் பட்டையை அறுத்தார்கள். நான் முதல் வரிசையில் நின்றேன்.

ஏன் மாப்பிள்ளை சொல்லவில்லை? அன்று ஏன் உன் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தாய்? அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ‘பொய் சொன்னியே மச்சான்’ என்று ஒரு தடவை காறித் துப்பியிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், ஏதாவது ஒன்று தீர்ந்திருக்கும். மகனைக் கொடுத்தவன் என்று இரக்கப்பட்டாயா? உன் இரக்கம் யாருக்கு வேண்டும்? உன் பெயரை அறுத்த கையில் சோறு வாங்கித் தின்றுவிட்டு, கோழை என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்குப் பதில் சொல்ல இனி ஆள் இல்லை.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. உத்தரவு பெரிது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். உத்தரவு என்றால் துரையின் காகிதம் மட்டுமா? அந்த உத்தரவுக்கு மறுபக்கம் பட்டினியாய்க் கிடந்தவர்களும் ஆட்கள்தானே. உன் கண்ணுக்கு முன்னால் நின்ற இருபத்திரண்டு பேரைப் பார்த்தாய். மலைக்கு அப்பால் கிடந்தவர்களை யார் பார்ப்பது? ஆட்களைக் காப்பவன்தான் தலைவன் என்று மூக்கன் சுலபமாய்ச் சொல்கிறான். எந்த ஆட்களை என்று அவனால் சொல்ல முடியுமா? உன்னால் முடிந்ததா?

ஆனால் நடுங்கியதை நடுங்கவில்லை என்று சொல்லிவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. மலை நடுங்கியது தெரிந்து நீ முடிவு செய்தாய். நான் உன்னை ஒன்றும் தெரியாமல் பயந்தவனாக்கிவிட்டேன். மலை நடுங்கியும் வெட்டச் சொல்லியிருப்பேன் என்று வெளிப்படையாய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இருந்திருந்தால், நாம் இரண்டு பேரும் சரிசமமாய் நின்று வாதாடியிருக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டாளத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, உன் பட்டையை அறுத்த இடத்துக்குப் போகிறேன். சுப்பன் இருப்பான், மூக்கனையும் வரச் சொல்லியிருக்கிறேன். இதை அங்கே வாசிப்பேன். அலவாங்கு இரண்டு முறை நடுங்கியது, ஜமேதார் காத்தமுத்து சரியாகத்தான் உணர்ந்தார், பொய் சொன்னவன் நான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு நீ நிறுத்தியது சரியா என்று கேட்டால், தப்பு என்றுதான் சொல்வேன். அதில் நீ என்னை அசைக்க முடியாது.

அதற்கு முன்னால் இன்றைக்கே மேட்டுக்கு ஏறுகிறேன். பாக்கியம் வாசலில்தான் இருப்பாள். கேட்டவள் அவள். அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

செல்லையாவின் அப்பன், பாக்கியத்தின் அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
ஆண்டியப்பன்