ஆடி போகட்டும்

ஜூலை 24, 2024
நேற்று ஆரணி வந்து சேர்ந்தேன். டாக்காவில் ஊரடங்கு. அங்கே எங்கள் சாயத் தொழிற்சாலை ஓட, மேலாளர் நானோ உதவி மேலாளர் பார்த்திபனோ இருந்தாக வேண்டும். "நான் முதல்ல போய் வந்துடறேன். நாலே நாள். அப்புறம் நீ கிளம்பு" என்று சாவியைக் கொடுத்தேன்.
"ஜல்தி வந்துடுங்க சார். புஷ்பாவுக்கு ஒம்பதாம் மாசம்" என்றான்.
மேலாளர் முதலில் தப்பிப்பது பதவிக்குரிய மரியாதை.

ஜூலை 30
பார்த்திபன் போன். "எப்ப சார் வரீங்க?"
"ஆடியில பயணம் வேணாங்கறாங்கப்பா வீட்டுல."
வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் கல்யாணமே ஆடியில்தான் நடந்தது. பகுத்தறிவுத் திருமணம் என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5
அங்கே அரசாங்கமே கவிழ்ந்துவிட்டது. பகல் முழுக்கப் பார்த்திபன் போனை எடுக்கவில்லை. மாலையில் ஒரு செய்தி: "உயிரோட இருக்கேன் சார். நீங்க இப்ப வராதீங்க."
அப்பாடா என்றிருந்தது.
எதைப் படித்து? முதல் வரியையா, கடைசி வரியையா?

ஆகஸ்ட் 9
ஆடி வெள்ளி. பார்த்திபன் மனைவி புஷ்பலதா, அந்த வயிற்றோடு நடந்து வந்து, தூக்குவாளியில் கொண்டுவந்த அம்மன் கோயில் கூழை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். "உங்களுக்குன்னு தனியா எடுத்தாந்தேன்ணா." புருஷன் எப்போது வருவான் என்று கேட்கவில்லை. கூழ் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 11
பட்டு வியாபாரிகள் கூட்டத்தில் எனக்குச் சால்வை. துணிச்சல்காரராம். கடைக்காரர் கமலக்கண்ணன் எழுந்து, "அவ்ளோ கலவரத்துல நம்ம பசங்க இன்னாத்துக்கு சார் அங்கியே குந்திகினு கீறாங்க?" என்று கேட்டார்.
சம்பளம், கடமை, தொழிலாளர்கள் மேல் பாசம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். முன்னால் கிளம்பியவன் திரும்பிப் போகாததும் ஒரு காரணம் என்பதை நேரம் கருதி விட்டுவிட்டேன். நல்ல கைதட்டல்.

ஆகஸ்ட் 14
முடியவில்லை. புஷ்பலதா வீட்டுக்கே போனேன். "அவன் அங்க மாட்டிகினு இருக்கறது என்னாலதாம்மா. நாலு நாள்ல வரேன்னு சொல்லிட்டு—"
முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.
"தெரியும்ணா. அவரு அன்னிக்கே சொல்ட்டாரு. கூழு எடுத்தாந்தப்பவாச்சும் நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டீங்க."

ஆகஸ்ட் 17
ஆவணி பிறந்துவிட்டது. சனிக்கிழமை, கிழக்கே சூலம் என்கிறது காலண்டர். சென்னை கிழக்கேதான் இருக்கிறது.
விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பார்த்திபனைக் கூப்பிட்டு, கிளம்பிவிட்டேன் என்றேன்.
"சரிங்க சார். இங்க வந்து எறங்கினதும் சொல்லுங்க. அப்புறமா பெட்டி கட்டறேன்."